14 பேர், மூன்று இரவு, சென்னை: வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. நான் தையல் கடையும் நடத்துகிறேன். பாட்டி, அப்பா, அம்மா, நாங்கள் நால்வர், தம்பி குடும்பத்தில் நால்வர், தங்கை குடும்பத்தில் மூவர் என 14 பேர் மே மாதம் சென்னைக்குப் போகிறோம். அதில் ஐவர் பிள்ளைகள். பாட்டி இன்னும் கடலைப் பார்த்ததில்லை. மே 13 புதன் இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, 17 ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்ப எண்ணம். மூன்று இடங்களில் விலை கேட்டிருக்கிறேன். தியாகராய நகர் ஓட்டலில் ஓர் அறை 2,400 ரூபாய். ஐந்து அறைகளும், தலா 600 ரூபாயில் நான்கு கூடுதல் படுக்கைகளும் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் பக்கம் ஒரு முழு வீடு, நாளுக்கு 12,000, சுத்தம் செய்ய 2,000. எழும்பூரில் ஒரே கட்டடத்தில் சமையலறையோடு இரண்டு சர்வீஸ் அபார்ட்மென்ட்கள், தலா 5,500, கூடுதல் மெத்தை இரண்டுக்கு தலா 400. எது மலிவு? மூத்தவள் என்பதால் தங்கும் செலவை நானே ஏற்கலாம் என்றிருக்கிறேன். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. பற்றாததற்கு இரண்டு வளையல்களை அடகு வைக்கலாமா?

பதில்: வளையல் கையிலேயே இருக்கட்டும், சகோதரி. ஏன் என்பதற்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

அறை வாடகையை வைத்து இடத்தை எடை போட்டால் ஏமாந்துவிடுவோம். ஒரு தலைக்கு, ஓர் இரவுக்கு, வரியும் போக்குவரத்தும் சேர்த்து என்ன ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும். உங்களுக்கு 14 பேர், மூன்று இரவு; ஆக, மொத்தத்தை 42-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டல்: நாளுக்கு 14,400. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 12. வரியோடு 15,120, மூன்று இரவுக்கு 45,360. தலைக்கு 1,080.

கோவளம் வீடு கேட்பதற்கு அழகாக இருக்கிறது. வாடகையும் சுத்தச் செலவும் 38,000. ஆனால் அங்கிருந்து நகரத்துக்குள் வந்துபோக ஒவ்வொரு நாளும் வேன் வேண்டும். நாளுக்கு 6,000 ரூபாய் என்று வைத்தாலும் நான்கு நாளுக்கு 24,000. தலைக்கு 1,476 ஆகிவிட்டது. அதோடு முழு வீட்டையும் ஒரே அலகாக வாடகைக்கு விடும்போது 7,500-ஐத் தாண்டுவதால், ஜி.எஸ்.டி. வசூலிக்கப்படும் இடமாக இருந்தால் 18 சதவீதம். வாடகைக்கு மட்டும் இன்னொரு 6,480. 'இது வரி உட்பட்ட தொகையா?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எழும்பூர்: நாளுக்கு 11,800, வரியோடு 12,390, மூன்று இரவுக்கு 37,170. தலைக்கு 885. என் ஓட்டு இதற்கே. வாடகை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எழும்பூரில் மின்சார ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அருங்காட்சியகம் நடக்கும் தூரம். வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே போய் நிற்காதீர்கள், விடுமுறை. காலை உணவை ஓட்டலில் சாப்பிட்டால், ஆளுக்கு 100 ரூபாய் என்றாலும் ஒரு வேளைக்கு 1,400. இட்லி மாவு வாங்கி வீட்டிலேயே ஊற்றினால் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தேயிலைத்தூளை ஊரிலிருந்து கொண்டுபோங்கள். விளைவிப்பவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு செலவு. நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறரை மணிக்குள் சென்ட்ரலில் இறக்கிவிடும். அறைச் சாவி பகல் 12 மணிக்குத்தான் கிடைக்கும். சில இடங்களில் 2 மணி. நடுவில் 14 பேர், அத்தனை பைகள், பல் துலக்காத ஐந்து பிள்ளைகள். ஞாயிறன்று இதே கதை தலைகீழாக நடக்கும்: 11 மணிக்கு அறையைக் காலி செய்தால் ரயில் இரவு ஒன்பதுக்கு மேல். இரண்டு அபார்ட்மென்ட்களில் ஒன்றை மட்டும் வியாழன் காலையிலேயே திறந்துவிடவும், ஞாயிறு மாலை வரை வைத்துக்கொள்ளவும் பாதி வாடகைக்குக் கேளுங்கள். இரண்டு பாதிகள் 5,500, வரி 275. மொத்தம் 42,945 ஆகும், தலைக்கு 1,022. இதைச் சேர்த்த பிறகும் ஓட்டலைவிடக் குறைவு. ஓட்டல் கணக்கில் இந்தக் காலை நேரம் இன்னும் சேரவே இல்லை.

பேரம் பேசத் தயங்காதீர்கள். நம் மலையில் சனி, ஞாயிறு என்றால் வாடகை ஏறும். சென்னையில் அலுவலக வேலையாக வருபவர்களை நம்பி நடக்கும் இடங்கள் வெள்ளி மாலையோடு காலியாகத் தொடங்கும். நீங்கள் இருக்கப்போகும் மூன்று இரவுகளில் இரண்டு, வெள்ளியும் சனியும். அதைச் சொல்லியே கேளுங்கள்.

ஏசி இல்லாத அறை என்று யாராவது விலையைக் குறைத்தால் மயங்க வேண்டாம். மின்விசிறியே தேவைப்படாத வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மே மாதச் சென்னையில் இரவு முழுக்க விழித்திருப்பார்கள். மறுநாள் யார் ஊர் சுற்றுவது?

லிப்டைப் பற்றியும் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முன் நானும் குன்னூரிலிருந்து 11 பேரை அழைத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் ஒரு விடுதிக்குப் போனேன். மலிவில் பிடித்துவிட்டேன் என்று வழியெல்லாம் பெருமை. அறை நான்காவது மாடி, லிப்ட் பழுது. என் அம்மா இரண்டாவது மாடித் திருப்பத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிட்டார். 'நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்றார். அன்று மாலையே கூடுதல் பணம் கொடுத்து வேறிடம் மாறினோம். இருமுறை வாடகை கொடுத்த அந்தப் பயணத்தின் கணக்கு நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது வளையலுக்கு வருவோம். மூத்தவள் என்பதால் எல்லாச் செலவும் உங்கள் தலையில் என்று உங்களிடம் யார் சொன்னது? தம்பியும் தங்கையும் கேட்டிருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பெரியவருக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கு அரைப் பங்கு என்றால் மொத்தம் பதினொன்றரைப் பங்கு. பாட்டி, அப்பா, அம்மா மூவரின் பங்கை ஆளுக்கு ஒன்றாக நீங்கள் மூவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான்கு பங்கு, தம்பிக்கு நான்கு, தங்கைக்கு மூன்றரை. அதாவது உங்களுக்கும் தம்பிக்கும் சுமார் 14,940 ரூபாய், தங்கைக்கு 13,070. உங்கள் 45,000-இல் 30,000 மிச்சம் இருக்கிறது. ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்து எடுங்கள். சுற்றுலா நான்கு நாளில் முடிந்துவிடும். அடகு வட்டியோ, தேயிலை விற்ற பணம் குறைகிற மாதத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். 'நான் கட்டிவிடுகிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது உறவுக்குள் ஆகாது. திருப்பிக் கேட்கும்போது உங்களுக்குத்தான் கூச்சம். தங்கை கணவரிடம் நீங்கள் நேரடியாகப் பேச வேண்டாம், தங்கையிடம் சொன்னால் போதும்.

முன்பணம் அனுப்புமுன் வீடியோ அழைப்பில் அறைகளையும் கட்டடத்தின் வாசலையும் காட்டச் சொல்லுங்கள். முழுத் தொகையையும் ஒருவருடைய சொந்த எண்ணுக்கு யு.பி.ஐ.யில் அனுப்ப வேண்டாம். சீசன் நாட்களில், இல்லாத காட்டேஜுக்குப் பணம் கட்டிவிட்டு ஊட்டிக்கு வந்து விழிப்பவர்களைப் போல நாம் அங்கே போய் நிற்கக் கூடாது. ஏமாந்தது தெரிந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

அறைக்கு முன்பே ரயில். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும்: போவதற்கு மார்ச் 14, திரும்புவதற்கு மார்ச் 18, காலை 8 மணி. திறக்கும் நாளில் இணையத்தில் எடுக்க ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு தேவை. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் முடியாது. பாட்டியையும் அம்மாவையும் மட்டும் தனி டிக்கெட்டில், மூத்தோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில் போடுங்கள். மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. மீதி 12 பேருக்கு இரண்டு டிக்கெட். புதன்கிழமை கோத்தகிரியிலிருந்து மாலை நான்கு மணிக்காவது கிளம்பிவிடுங்கள். மே மாதத்தில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளையெல்லாம் நம் கோத்தகிரிச் சாலையில்தான் திருப்பி விடுவார்கள்.