காய்ந்த கோஜி பெர்ரி தரமானதா என்று எப்படிப் பார்த்து வாங்குவது? கண்ணுக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்கிறார்களே, உண்மையா? வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வியைப் படித்ததுமே உங்கள் வீட்டு நிலைமை ஓரளவு தெரிந்துவிட்டது. வயதான ஒருவருக்குக் கண் மங்குகிறது, கூடவே சர்க்கரையும் இருக்கிறது. யாரோ வாட்ஸப்பில் ஒரு சிவப்புப் பழத்தின் படத்தை அனுப்பி, சீனாவில் இதைத் தின்று 250 வருஷம் வாழ்ந்தவர் உண்டு என்று எழுதியிருப்பார்கள். (அந்த 250 வருஷத் தாத்தா கதை 1930களில் செய்தித்தாள்களில் வந்தது. அதற்கு ஆதாரம் கிடையாது.) நான் நினைத்தது தப்பென்றால் மன்னித்துவிடுங்கள். என் வீட்டில் நடந்தது அப்படித்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பளபளவென்று எல்லாம் ஒரே சிவப்பாக இருந்தால் வாங்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு என்றால், எவ்வளவு தரமாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஏற்கெனவே ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது கிருஷ்ணகிரி பழையபேட்டை. அப்பாவுக்குப் புளி வியாபாரம். மாசி, பங்குனி வந்தால் வீடு முழுக்கப் புளிதான். ஓடு உடைத்து, நார் இழுத்து, கொட்டை தட்டி எடுக்கிற அக்காக்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தேன். அப்பா சரக்கு வாங்கும்போது நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் கையில் எடுத்து அழுத்துவார், எடைக்காகத் தண்ணீர் தெளித்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் முகர்ந்து பார்ப்பார். அப்புறம் ஒரு துண்டு கிள்ளி வாயில் போடுவார். புதுப்புளி நாளாக ஆகக் கறுக்கும், குளிர்பதனக் கிடங்கில் வைத்தால்தான் நிறம் நிற்கும். வெளியில் கிடந்த பழைய சரக்கை ஒருவர் சிவக்கச் சிவக்கக் கொண்டுவந்து காட்டினால், அதில் என்ன கலந்தாய் என்றுதான் அப்பா கேட்பார். கோஜியைப் பார்க்கவும் எனக்கு இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

கல்யாணமாகி வந்தது தர்மபுரி. மாமாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள், ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் மாத்திரை உண்டு. பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் ஒரு தடவை ஊருக்கு வரும்போது பெரிய பாக்கெட் ஒன்று கொண்டுவந்தார். "அண்ணி, இது திபெத் பழம். அப்பாவுக்கு தினம் ஒரு கைப்பிடி குடுங்க, கண்ணாடியே வேண்டாம்னு சொல்லிடுவார்" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். அச்சில் வார்த்த மாதிரி அத்தனையும் ஒரே சிவப்பு. நல்ல கோஜி அப்படி இருக்காது. ஒன்று ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும், பக்கத்திலேயே இன்னொன்று கருஞ்சிவப்பாக இருக்கும், தோல் மங்கலாகச் சுருங்கியிருக்கும். காம்பு இருந்த முனையில் வெளுப்பாக ஒரு சின்னப் புள்ளி தெரிய வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்திருந்தால் அந்தப் புள்ளியும் சிவந்துவிடும். அந்தப் பாக்கெட்டில் நாலைந்தைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றில்கூட வெளுப்பு இல்லை. ஒரு பிடியை உள்ளங்கையில் மூடிக் கொஞ்ச நேரம் சூடேற விட்டு முகர்ந்தால் தீக்குச்சி உரசின நெடி. அது கந்தகப் புகை போட்ட சரக்கு. புகை போட்டால் நிறம் கண்ணைப் பறிக்கும், பூச்சியும் வராது. ஆனால் அந்தப் புகையால் பழத்தில் சல்ஃபைட் என்ற ரசாயனம் தங்கிவிடும், வீசிங், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆகாது. கடைசியாக ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பழத்தைப் போட்டேன். நல்லதாக இருந்தால் தண்ணீர் மெதுவாக இளமஞ்சளாக மாறும், பெரும்பாலான பழம் மேலே மிதக்கும். இது போட்ட உடனே ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. (மிதப்பதை மட்டும் வைத்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். நிறம், வாசம், ருசி எல்லாம் சேர்ந்து ஒத்துவர வேண்டும்.)

"இது நல்ல சரக்கு இல்ல தம்பி" என்றேன். "புளி வியாபாரி பொண்ணுக்கு கோஜியப் பத்தி என்ன அண்ணி தெரியும்?" என்று சிரித்தார். அத்தையும் சேர்ந்து சிரித்தார். சரி, போகட்டும்.

போகட்டும் என்றாலும் அவருக்கு உறுத்தியிருக்கும் போல. அடுத்த முறை வேறு கடையில் வேறு பாக்கெட் வாங்கிவந்தார். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, உண்மையை ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும். ஒரு பிடி அழுத்தி விட்டால் பொலபொலவென்று பிரிந்தது. ஒட்டிக் கட்டியாக நின்றால் ஈரம் ஏறியிருக்கிறது, கல் மாதிரி நொறுங்கினால் ரொம்பப் பழசு. வாயில் போட்டால் மெல்லிய இனிப்பு, லேசான புளிப்பு, கடைசியில் கொஞ்சம் கசப்பு. உள்ளே தட்டையான மஞ்சள் விதைகள் நிறைய. முகம் சுளிக்கிற புளிப்போ காரமோ இருந்தால் துப்பிவிடுங்கள். பெரிய பழம்தான் நல்ல பழம் என்றும் இல்லை. சீனாவில் 50 கிராமுக்கு எத்தனை பழம் நிற்கிறது என்று எண்ணித் தரம் பிரிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பழம் பெரிது, விலையும் கூட. அது பருமனுக்குக் கொடுக்கிற விலை. சாயமா புகையா என்பது அதில் தெரியாது.

"திபெத்", "இமயமலை" என்று மலைப் படம் போட்ட பாக்கெட்டுக்கும் மயங்க வேண்டாம். இந்தப் பழத்துக்குப் பேர்போனது வடமேற்குச் சீனாவில் மஞ்சள் ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் நிங்சியா. சிங்காய், கான்சு, ஷின்ஜியாங் பக்கமும் விளைகிறது. சந்தைக்கு வரும் பெரும்பாலான சரக்கு தோட்டத்தில் பயிரிட்டு, கோடையில் கையால் பறித்து, தட்டில் பரப்பிக் காயவைத்தது. லடாக்கில் விளைகிற ஆரஞ்சு நிற லே பெர்ரி வேறு செடி, அதைக் கோஜி என்று சொன்னால் நம்பாதீர்கள். கறுப்பு கோஜி என்று ஒன்று உண்டு. அதைத் தண்ணீரில் போட்டால் இயற்கையாகவே ஊதா இறங்கும், என் டம்ளர் சோதனை அதற்குச் செல்லாது.

இனி மாத்திரை விஷயம். சரக்கு நல்லது என்று நான் சொன்னதோடு, டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னேன். முதல் பாதி மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. அத்தை காலையும் மாலையும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் பழத்தையும் மாமாவுக்குக் கொடுத்துவந்தார். அடுத்து ரத்தம் உறையும் அளவு பார்க்கப் போனபோது ஐ.என்.ஆர். இருக்க வேண்டியதைவிட மேலே போயிருந்தது. அதாவது ரத்தம் உறைய நேரமாகிறது, அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். உடனே நிறுத்தச் சொல்லி, மாத்திரை அளவையும் மாற்றி எழுதினார். அப்புறம் அளவு இறங்கியது.

கோஜிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் மாறும், கீரை சாப்பிடும் அளவு மாறினாலும் மாறும் என்று டாக்டரே சொன்னார். ஆனால் இது என் வீட்டுக் கற்பனையும் இல்லை. 2001இல் ஒரு மருத்துவ இதழில் வந்த குறிப்பில், ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டுவந்த 61 வயதுச் சீனப் பெண் ஒருவர் கோஜிக் கஷாயம் நாளுக்கு மூன்று நான்கு டம்ளர் குடித்ததில் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருந்த ஐ.என்.ஆர். 4.1-க்குப் போனது பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் வார்ஃபரினுக்குப் பதில் அசெனோகுமரால் எழுதுவதும் உண்டு. அதுவும் அதே வகை மாத்திரைதான்.

அப்படியென்றால் பாரம்பரியம் எல்லாம் பொய்யா என்று சண்டைக்கு வர வேண்டாம். சீன வைத்தியத்தில் இது பழைய சரக்கு. 1596இல் அச்சான லி ஷிழென்னின் பெரிய மருந்து நூலிலும் இருக்கிறது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஊட்டம், கண்ணுக்குத் தெளிவு என்பது அவர்கள் கணக்கு. கல்லீரலின் வாசல் கண் என்று நினைக்கிற மரபு அது. சீனர்கள் இதை மாத்திரை மாதிரி விழுங்குவதும் இல்லை. அரிசிக் கஞ்சியில் போடுகிறார்கள், கோழி சூப்பில் போடுகிறார்கள், சாமந்திப்பூவோடு சேர்த்து டீ போடுகிறார்கள், இலையைக்கூடக் கீரையாகச் சமைக்கிறார்கள். அவர்களுடைய அரசு மருந்து நூல் சொல்லும் அளவு நாளுக்கு 6 முதல் 12 கிராம். கொழுந்தனாரின் ஒரு கைப்பிடி அதைத் தாண்டிவிடும். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது வேண்டாம் என்றும் அந்த மரபே சொல்கிறது. அதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. இதைச் சித்தர்கள் சொன்னார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது சீனர்கள் சொத்து, அவர்களிடமே இருக்கட்டும்.

கண்ணைப் பொறுத்தவரை விஷயம் முழுக்கக் காற்றில் இல்லை. விழித்திரையின் நடுவில் படிகிற ஸியாக்ஸாந்தின் என்ற மஞ்சள் நிறமி கோஜியில் மிக அதிகம். 2021இல் கலிஃபோர்னியாவில் 45 முதல் 65 வயதுக்குள் இருந்த 27 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. வாரம் ஐந்து நாள் 28 கிராம் வீதம் 90 நாள் கோஜி சாப்பிட்டவர்களுக்கு அந்த நிறமியின் அடர்த்தி கூடியிருந்தது. ஆனால் அவர்கள் கண் நோய் இல்லாதவர்கள், ஆட்களும் குறைவு. புரை விழுந்த கண்ணும் சர்க்கரையால் கெட்ட விழித்திரையும் இதில் சரியாகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதற்குக் கண் டாக்டர்தான். சர்க்கரைக்கு நல்லது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். காய்ந்த கோஜி 100 கிராமில் கிட்டத்தட்ட 45 கிராம் சர்க்கரையே இருக்கிறது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கோஜி, தக்காளி, கத்தரி, மிளகாய், மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பச் செடிகள். அந்தக் குடும்பத்துத் தக்காளி எங்கள் பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் மலைமலையாக விளைகிறது. விலை விழுந்தால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள், சிலர் பறிக்காமலே மாட்டை விட்டு மேய்க்கிறார்கள். சீனாக்காரன் தன் பழத்தைக் காயவைத்து உலகம் முழுக்க விற்கிறான். இங்கே விளைச்சல் கூடினால் காயவைக்கவோ கூழாக்கவோ போதுமான ஆலை இல்லை, மாம்பழத்துக்கு இருக்கிற அளவுகூட இல்லை. கேட்டால் தர்மபுரி பின்தங்கிய மாவட்டம் என்பார்கள், ஏதோ நாங்கள் விரும்பிப் பின்னால் போய் நின்ற மாதிரி. கோஜிக்கு விலை கேட்காமல் பணம் கொடுத்த அதே கொழுந்தனார், ஊருக்கு வந்தால் தக்காளிக்காரப் பாட்டியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவார். இதையும் எழுதாமல் விட மனசு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், எந்த நாட்டுச் சரக்கு, இறக்குமதி செய்தவர் பெயர், பேக் செய்த தேதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது விதி. சேர்மானத்தில் சர்க்கரை, எண்ணெய், நிறமி என்று எது இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள், வெறும் பழம் மட்டும்தான் இருக்க வேண்டும். சாக்கில் கொட்டி வைத்து அள்ளிப் போடுகிற கடையில் கையில் எடுத்து முகர விட்டால் வாங்குங்கள், விடாவிட்டால் வேண்டாம். முதல் தடவை 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள்.

வைத்துக்கொள்வது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தப் பழம் காற்றிலிருந்து ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். மாதம் போகப் போக நிறம் கொஞ்சம் கறுக்கும், அதனால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பூஞ்சை பிடித்தாலோ புளித்த வாடை வந்தாலோ மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி பாட்டிலில் போடுகிற வேலை வேண்டாம். எங்கள் அத்தை அதைத்தான் செய்யப் பார்த்தார்.