'மூன்று துண்டும் அசல்' என்று எழுதிக் கொடுத்த ஃபிளை ராட்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: பழைய மூங்கில் ஃபிளை ராடுகளை, அதாவது செயற்கை ஈயைக் கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் கோல்களைச் சேகரிக்கிறேன். ஒரு பழம்பொருள் வியாபாரி, '1880-களில் லியோனார்ட் பட்டறையில் (அமெரிக்க ராடு தயாரிப்பாளர்) செய்தது, மூன்று துண்டும் அசல்' என்று ரசீதிலேயே எழுதி ஒன்றை விற்றார். அதைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். நடுத்துண்டின் வார்னிஷைச் சுரண்டியதுமே, 'இது சீனத்து டோன்கின் மூங்கில், பின்னால் யாரோ செய்து சேர்த்தது' என்றார் புதுப்பிப்பவர். நுனித்துண்டும் ஓரிரு அங்குலம் குட்டையாம். வியாபாரியிடம் கேட்டால், 'உள்ளது உள்ளபடிதான் விற்றேன், சுரண்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்' என்கிறார். மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: மோசடிப் புகாரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்கு, பொய் என்று தெரிந்தே விற்றார் என நிரூபிக்க வேண்டும். நூறு வருடப் பழைய ராடு பல கை மாறி வந்திருக்கும்; அவரே ஏமாந்திருக்கலாம். சிவில் வழக்கில் அந்தத் தலைவலி இல்லை. விவரித்துச் சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இந்தியாவின் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தில் பிரிவு 15, இங்கிலாந்தின் 1979 சட்டத்தில் பிரிவு 13 (வியாபாரியிடம் நுகர்வோராக வாங்கினால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் பிரிவு 11). விற்றவர் நல்லெண்ணத்தோடு சொன்னாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. 'உள்ளது உள்ளபடி' என்பது கீறல், வளைவு, உதிர்ந்த நூல்சுற்று போன்ற குறைகளுக்குத்தான் பொதுவாகப் பொருந்தும். 'அசல்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அது அழித்துவிடாது.

வியாபாரி வேறொரு பக்கம் பிடிப்பார்: 'வாங்கியவரே நிபுணர், என் பேச்சை நம்பி வாங்கவில்லை.' ஹார்லிங்டன் என்ற ஆங்கில வழக்கில், போலி ஓவியத்தை வாங்கிய கலைப்பொருள் வணிக நிறுவனம் இதனால்தான் தோற்றது. அங்கே விற்றவர், இந்த வகை ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். உங்கள் ஆள் அப்படிச் சொல்லவில்லை, ரசீதும் இருக்கிறது. ஆனாலும் வாங்கும் முன் அனுப்பிய செய்திகளை எடுத்துப் பாருங்கள். 'பார்த்தாலே எனக்குத் தெரியும்' என்று எங்காவது பெருமையடித்திருந்தால் அதை முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

ராடைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் வாங்குவது கஷ்டம். வார்னிஷைச் சுரண்டியது, பொருளை உங்களுடையதாக ஏற்றுக்கொண்ட செயல் என்றே பெரும்பாலும் பார்க்கப்படும். காலதாமதமும் உரிமையைத் தின்னும். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்தது என்று வாங்கிய ஓவியம் அவருடையதல்ல என ஐந்து வருடம் கழித்துக் கண்டுபிடித்தவருக்கு, லீஃப் என்ற ஆங்கில வழக்கில் (1950) பணம் திரும்பவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகும் இழப்பீடு கேட்கலாம்: சொன்னபடி இருந்திருந்தால் ராடுக்கு என்ன மதிப்போ அதற்கும், இப்போதைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். அதைக் கேளுங்கள்.

அதற்குச் சான்று மூங்கிலிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு ராடுகளில் பெரும்பாலும் கல்கத்தா மூங்கில்தான். தீயில் வாட்டிய கருப்புத் தழும்புகள் அதில் தெரியும். சீனத்திலிருந்து வரும் டோன்கின் பரவலானது 20-ஆம் நூற்றாண்டில். இதை மட்டும் நம்ப வேண்டாம், பசையையும் சோதிக்கச் சொல்லுங்கள். ராடு என்பது மூங்கில் கீற்றுகளை ஒட்டிச் செய்வது; 1880-களில் ஒட்டியது விலங்குப் பசையால். செயற்கை ரெசின் பசை இருந்தால் அந்தக் காலத்தில் ஒட்டியதாக இருக்கவே முடியாது. 'பிற்காலத்தில் பிரித்து ஒட்டியிருப்பார்கள்' என்று வியாபாரி சொன்னால் சொல்லட்டும். அதனால்தான் பசையை மூங்கில் வகையோடு சேர்த்தே காட்ட வேண்டும்.

எனவே வேலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொரு துண்டைச் சுரண்டினால் சான்றும் சேர்ந்து போகும். ஃபெரூல் (துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல்) முத்திரை, கணுக்கள், பிரித்த பட்டுநூல் எல்லாவற்றையும் படமெடுத்து, நூலை உறையில் போட்டு வையுங்கள். வேறொரு புதுப்பிப்பவரிடம் எழுத்தில் கருத்து வாங்குவது நல்லது. உங்கள் வேலையைச் செய்தவரையே சாட்சியாக்கினால் எதிர்த்தரப்பு அவர் கையைத்தான் குறைசொல்லும். அவருக்கு இதுவரையான கூலியைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராடைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அப்புறம், சேகரிப்பாளர் நண்பர்களிடம் வியாபாரியைத் 'திருடன்' என்று எழுதாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

ரசீது நகலும் கருத்துரையும் இணைத்து, வித்தியாசத் தொகையைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போட இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு அவகாசம். நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து என்று நினைத்துவிடாதீர்கள், ராடு கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.