நடனத்தை நிறுத்திவிடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு போகிறாள். 5 ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப்) பாடங்கள், ரோபாட்டிக்ஸ், வாரம் இரண்டு நாள் பரதம், கூடவே மூன்று கிளப்கள். நவம்பர் 1-க்குள் முன்கூட்டிய கல்லூரி விண்ணப்பம் வேறு. இப்போதே இரவு ஒரு மணிக்குத்தான் படுக்கிறாள். நடனத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த மூன்று கிளப்களில் பெயருக்குப் போய்வருவதை விடச் சொல்லுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பப் படிவமான காமன் ஆப்பில் 10 நடவடிக்கைகள் வரை எழுத இடமுண்டு; பத்தையும் நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொன்றையும் எந்தெந்த வகுப்பில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் செய்தாள் என்று கேட்பார்கள். விவரிக்க 150 எழுத்துகள்தான், இடைவெளியும் அதில் அடக்கம். ‘பரதம் கற்கிறேன்’ என்று அதை வீணாக்காமல், சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லித் தருவது போலச் செய்த வேலையை எழுதட்டும்.

ரோபாட்டிக்ஸில் எந்தப் போட்டி என்று பாருங்கள். எஃப்ஆர்சி (பெரிய ரோபாட்டுகளுக்கான போட்டி) என்றால் ஜனவரியில்தான் வேலை சூடுபிடிக்கும். எஃப்டிசி (சிறிய ரோபாட்டுகளுக்கானது) செப்டம்பரிலேயே தொடங்கி விண்ணப்பத்தோடு மோதும். அப்படியானால் இந்த ஆண்டு அணித்தலைவர் பொறுப்பு வேண்டாம்.

தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டுரைகள்தான். 650 சொற்களுக்குள் ஒரு முதன்மைக் கட்டுரை, அது போக ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்பவை. எட்டுக் கல்லூரி என்றால் துணைக் கட்டுரைகள் மட்டுமே இருபதைத் தொடலாம். முதன்மைக் கட்டுரையை ஜூலையிலேயே முடிக்கட்டும். ஆகஸ்ட் 1-இல் புதிய ஆண்டுக்கான படிவம் திறந்ததும் எல்லாக் கேள்விகளையும் ஒரே தாளில் எழுதி, ஒத்தவற்றைச் சேர்த்துவைத்தால் ஒரே பதிலைத் திருத்திப் பலவற்றுக்கு அனுப்பலாம். அனுப்பும்முன் நீங்களும் ஒருமுறை படியுங்கள்: ஒரு கல்லூரிக்கான கட்டுரையில் இன்னொன்றின் பெயர் அப்படியே தங்கிவிடும். அரங்கேற்றம் ஆகஸ்டில் என்று யோசித்திருந்தால் ஜூனுக்கோ அடுத்த கோடைக்கோ மாற்றுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு ஆசிரியர்களிடம் இந்த விடுமுறைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அக்டோபரில் அவர்கள் மேசையில் கடிதங்கள் குவிந்திருக்கும்.

ஏபி பாடங்களில் ஒன்றைக் குறைக்கலாம். பொறியியல் நோக்கமென்றால் கால்குலஸும் இயற்பியலும் இருக்கட்டும். கால அட்டவணை உறுதியாகும்முன் பள்ளி ஆலோசகரான கவுன்சிலரிடம் பேசுங்கள். விண்ணப்பம் போனபின் பாடத்தை விட்டால் கல்லூரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கேள்வி: டிசம்பரில் இடம் கிடைத்துவிட்டால் படிப்பைக் கொஞ்சம் தளர்த்தலாமா?

பதில்: கூடாது. முதல் பருவ மதிப்பெண்கள் வந்ததும் கவுன்சிலர் இடைக்கால அறிக்கை அனுப்புவார். பள்ளி முடிந்ததும் இறுதி மதிப்பெண் பட்டியலும் போகும். ஏ வாங்கியவர் டி-க்கு இறங்கினால் கல்லூரி விளக்கம் கேட்கும், இடத்தையே திரும்பப் பெறவும் செய்யும். ஒன்றிரண்டு பி வந்தால் பயப்பட வேண்டாம்.