எல்டோராவில் டிரக்குகள் ஓடிய ஏழு வருடங்கள்

அன்புள்ள ஐயா,

ஓஹையோவில் டேட்டன் நகரில் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து வடமேற்கே போனால் சோளக்காடுகளுக்கு நடுவே எல்டோரா ஸ்பீட்வே என்ற களிமண் பந்தயத் தடம் வருகிறது. அமெரிக்காவில் கார் பந்தயத் தொடர்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அங்கே பிக்கப் டிரக் பந்தயம் நடத்தி, ஏழு வருடத்தில் நிறுத்திவிட்டதாம். அலுவலகத்தில் ஒருவர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். யூடியூபில் தேடிப் பார்த்தேன். தார்த் தடத்துக்கென்று செய்த வண்டிகள் மண்ணில் வழுக்கி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அரை மைல் வட்டத்தைச் சுற்றுகின்றன. கூட்டம் சேர்க்கச் செய்த வித்தை என்றுதான் எனக்குப் பட்டது. மோட்டார் பந்தயம் பற்றி எழுதுகிறவர் நீங்கள். இதில் வரலாறு என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா? நன்றாக நடந்ததென்றால் ஏன் நிறுத்தினார்கள்?

சரவணன், டேட்டன்

அன்புள்ள சரவணன்,

உங்கள் அலுவலக நண்பர் பக்கம்தான் நான். டிரக் பந்தயம் தன் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போன இடம் எல்டோரா. அது வித்தையாக இருந்திருந்தால் முதல் வருடத்தோடு அலுத்திருக்கும்.

இந்த டிரக்குகள் எங்கிருந்து வந்தன என்பதிலிருந்து தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவில் கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டிப் பழகிய சிலர், பிக்கப் டிரக்கை வைத்து ஓவல் தடத்தில் பந்தயம் நடத்தலாம் என்று நாஸ்காரிடம் போனார்கள். 1994 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டேட்டோனா தடத்தில் மாதிரி வண்டியைக் காட்டினார்கள். அந்தக் கோடையிலேயே பேக்கர்ஸ்ஃபீல்டில் இருந்த மெசா மரின் என்ற அரை மைல் தடத்தில் வெள்ளோட்டப் பந்தயமும் நடந்தது. 1995 பிப்ரவரி 5-ஆம் தேதி ஃபீனிக்ஸில் முறையான தொடர் ஆரம்பித்தது. மைக் ஸ்கின்னர் முதல் பந்தயத்தையும் வென்றார், அந்த வருடப் பட்டத்தையும் வென்றார்.

அந்த முதல் வருட அட்டவணையைப் பாருங்கள்: மெசா மரின், சாகஸ், எவர்கிரீன், லூயிவில், ஃப்ளெமிங்டன். எல்லாம் உள்ளூர்க்காரர்கள் சனிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு போய் உட்காருகிற சின்னத் தடங்கள். சாகஸின் நீளம் மூன்றில் ஒரு மைல்தான். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றிப் பெட்ரோல் போடுவதற்கான பிட் லேன் பல தடங்களில் சரியாக இல்லை. அதனால் பாதிப் பந்தயத்தில் எல்லோரையும் நிறுத்தி இடைவேளை விட்டார்கள். வண்டியை அந்த நேரத்தில் சரி செய்துகொள்ளலாம். பெரிய பிட் குழுவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத சின்ன அணிகளும் இதனால் தாக்குப்பிடித்தன.

சில வருடங்களில் இடைவேளை போயிற்று. பிட் ஸ்டாப் வந்தது. 2000-இல் டிரக்குகள் டேட்டோனாவின் இரண்டரை மைல் தடத்தில் ஓடின. பெரிய தடங்கள் வரவர அட்டவணையிலிருந்து சின்னவை உதிர்ந்தன. மெசா மரின் 2005-இல் மூடியே விட்டது. வியாபாரக் கணக்கில் இதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பி டிரக்குகள் வந்தனவோ, அந்தக் கூட்டத்தைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போன மாதிரிதான் ஆயிற்று.

எல்டோராவின் கதை இதற்கெல்லாம் வெகு முந்தையது. ஏர்ல் பால்ட்ஸ் என்ற இசைக்குழுத் தலைவர் அங்கே ஒரு நடன அரங்கு வைத்திருந்தார். அரங்கை ஒட்டிய பள்ளத்தில் 1954-இல் தடம் போட்டார். முதலில் கால் மைல், பிறகு நீட்டி நீட்டி அரை மைல். 1971-இல் அவர் தொடங்கிய ‘வேர்ல்ட் 100’ பந்தயம் இன்றுவரை லேட் மாடல் என்ற மண் தடக் கார்களை ஓட்டுகிறவர்களின் பெருங்கனவு. இசைத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, ஜனங்கள் எதற்காக இருக்கை நுனிக்கு வருவார்கள் என்பது அவருக்கு அத்துப்படியாக இருந்தது. 2004-இல் தடத்தை டோனி ஸ்டூவர்ட்டுக்கு விற்றார். ஸ்டூவர்ட் நாஸ்காரின் உச்சத் தொடரில் மூன்று முறை பட்டம் வென்றவர், களிமண்ணில் வளர்ந்தவர்.

2013 ஜூலை 24, புதன்கிழமை இரவு, டிரக்குகள் அங்கே வந்து இறங்கின. நாஸ்காரின் தேசியத் தொடர் எதுவும் அதற்கு முன் 43 வருடங்களாக மண்ணில் ஓடியதில்லை. கடைசியாக ஓடியது 1970 செப்டம்பர் 30, ராலி நகரின் பொருட்காட்சித் தடத்தில். வென்றவர் ரிச்சர்ட் பெட்டி. நாஸ்கார் 1949-இல் தன் கார்த் தொடரை ஆரம்பித்ததே சார்லட்டில் ஒரு மண் தடத்தில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் சொன்ன அந்த வழுக்கல். எல்டோராவின் வளைவுகள் சுமார் 24 டிகிரி சாய்ந்தவை. தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி, களிமண்ணை இறுக்கி வைத்திருப்பார்கள். வண்டிகள் ஓட ஓட ஈரம் வற்றும். நடுவில் தடம் கறுத்துப் பளபளவென்று ஆகிவிடும், டயருக்குப் பிடிமானமே இருக்காது. உதிர்ந்த மண்ணெல்லாம் மேலே சுவரோரம் ஒதுங்கி ஒரு வரப்பாக எழும்பும். இதை அவர்கள் குஷன் என்பார்கள். வலது பின்சக்கரத்தை அந்த வரப்பில் சாய்த்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, வண்டி பக்கவாட்டில் போக இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு முழம் தாண்டினால் சுவர். அதைச் செய்வது சுமார் 1,500 கிலோ எடையுள்ள டிரக்கில். அங்கே வழக்கமாக ஓடும் ஸ்பிரிண்ட் கார் என்ற சின்னப் பந்தய வண்டியின் எடை அதில் பாதிகூட இருக்காது. தடம் கால் மணிக்கொரு தரம் மாறிக்கொண்டே இருக்கும். முதல் சுற்றுகளில் வேலை செய்த பாதை கடைசியில் கைவிட்டுவிடும். ஆகவே வழுக்கலை இன்னொரு தரம் பாருங்கள். யார் தவறி வழுக்குகிறார், யார் வேண்டுமென்றே வழுக்குகிறார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் கண்ணை எடுக்க முடியாது.

எல்டோராவிலும் நடைமுறை பழையதுதான். பிட் ஸ்டாப்புக்குப் பதிலாக 150 சுற்றுகளை 60, 50, 40 என்று மூன்றாகப் பிரித்து நடுவில் இடைவேளை விட்டார்கள். 1995-இன் ஏற்பாடு அப்படியே திரும்பி வந்தது! கூடவே ஹீட் எனப்படும் சின்னச் சின்னத் தகுதிப் பந்தயங்கள், அவற்றில் தேறாதவர்களுக்கு ஒரு கடைசி வாய்ப்புப் பந்தயம்.

அந்தக் கடைசி வாய்ப்புப் பந்தயத்தில்தான் நார்ம் பென்னிங் வந்தார். வயது 61. சொந்தச் சின்ன அணி, 57-ஆம் எண் டிரக். முதல் ஐந்து பேருக்குத்தான் பெரிய பந்தயத்தில் இடம். அவர் இருந்தது ஐந்தாவது. பின்னால் வந்த கிளே கிரீன்ஃபீல்ட் வளைவுக்கு வளைவு இடித்தார். சுவரில் உரசி, கோணிக்கொண்டு, தகடு நசுங்கி, பென்னிங் இடத்தை விடவில்லை. கொடி விழுந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. பட்டத்துக்கோ பெரும் பரிசுக்கோ இல்லாமல், ஓடுவதற்கான அனுமதிக்காக ஒருவர் இப்படிப் போராடியதை வேறெந்த நாஸ்கார் பந்தயத்திலும் நான் கண்டதில்லை. நீங்கள் ஒரே ஒரு காட்சிதான் பார்ப்பீர்கள் என்றால் இதைப் பாருங்கள்.

அன்றைய பெரிய பந்தயத்தை வென்றவர் ஆஸ்டின் டில்லன். 1995-இல் ஸ்கின்னர் ஓட்டிய வண்டியின் முதலாளி ரிச்சர்ட் சில்ட்ரெஸின் பேரன் இவர். கோப்பையாகக் கொடுத்தது தங்க நிற மண்வெட்டி.

2014-இல் பப்பா வாலஸ். கைல் லார்சன் வண்டியின் வலப்பக்கமெல்லாம் சுவரில் நொறுங்க நொறுங்கத் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. வாலஸ் அதற்கு முந்தைய அக்டோபரில் மார்ட்டின்ஸ்வில்லின் சின்னத் தடத்தில், டிரக் பந்தயத்தில்தான் முதல் வெற்றி பெற்றார். 1963 டிசம்பரில் வெண்டல் ஸ்காட் ஜாக்சன்வில்லில் வென்ற பின், நாஸ்கார் தேசியத் தொடரில் ஒரு கறுப்பினத்தவர் பெற்ற முதல் வெற்றி அது. ஸ்காட் வென்றதும் அரை மைல் மண் தடத்தில். அன்று வெற்றிக் கொடியை அவருக்குக் காட்டாமல், இரண்டாவதாக வந்த பக் பேக்கருக்குக் காட்டி, பிறகே உண்மையை ஒப்புக்கொண்டார்கள். ஐம்பது வருடம் கழித்து வாலஸ் எல்டோராவில் மண்வெட்டியை வாங்கியதை அந்த இரவோடு சேர்த்துத்தான் என்னால் பார்க்க முடிகிறது.

2015-இல் கிறிஸ்டஃபர் பெல், 2016-இல் லார்சன், 2017-இல் மேட் கிராஃப்டன். 2018-இல் ஒரே தோர்ஸ்போர்ட் அணியின் சேஸ் பிரிஸ்கோவும் கிராண்ட் என்ஃபிங்கரும் கடைசி வளைவில் மோதிக்கொண்டே கோட்டைக் கடந்தார்கள், பிரிஸ்கோ 0.038 விநாடியில் தப்பித்தார். 2019-இல் கனடாக்காரர் ஸ்டூவர்ட் ஃப்ரீசன், டிரக் தொடரில் அவருடைய முதல் வெற்றி.

2020 பந்தயம் கொரோனாவில் ரத்தாயிற்று. அடுத்த வருட அட்டவணையில் எல்டோரா இல்லை. டிரக்குகள் அயோவாவின் நாக்ஸ்வில் மண் தடத்துக்கு இரண்டு வருடம் போயின. பிரிஸ்டல் என்ற தடத்தின் கான்கிரீட்மேல் மண்ணைக் கொட்டியும் 2021 முதல் 2023 வரை ஓட்டினார்கள். அங்கே முதல் வருடமே சேறு முன் கண்ணாடியை அப்பித் தகுதிப் பந்தயத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மழையில் பெரிய பந்தயம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. பிரிஸ்டல் எனக்குப் பிடித்த தடம். ஆனாலும் அது மண் பந்தயத்துக்காகக் கட்டியதல்ல. எல்டோராவின் களிமண்ணை அறுபது வருடமாக ஆட்கள் பார்த்துப் பார்த்துப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்குவத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. மண் பந்தயம் பிடித்துவிட்டது என்பதற்காக அதைப் பெரிய இடத்துக்கு மாற்றியது என் பார்வையில் தவறான முடிவு. 2024-இல் பிரிஸ்டல் கான்கிரீட்டுக்கே திரும்பியது. டிரக் அட்டவணையில் மண்ணே இல்லாமல் போயிற்று.

டேட்டனில் இருந்துகொண்டு நீங்கள் யூடியூபில் பார்க்க வேண்டியதில்லை. எல்டோரா மூடவில்லை. ஜூலையில் ஸ்பிரிண்ட் கார்களின் ‘கிங்ஸ் ராயல்’ உண்டு, வென்றவருக்குக் கிரீடம் சூட்டிச் சிம்மாசனத்தில் உட்கார வைப்பார்கள். செப்டம்பரில் வேர்ல்ட் 100. ஹீட் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள், அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு. மேல் வரிசையில் இடம் பிடியுங்கள், கீழே உட்கார்ந்தால் மடியெல்லாம் மண்.

அன்புடன்.