ஏ.எஃப்.ஓ. போட்டால் குழந்தையின் கால் பலவீனமாகிவிடுமா?

நாலு வயது மகளுக்கு சி.பி. (மூளைப் பாதிப்பால் தசை அசைவு கெடும் செரிப்ரல் பால்சி), குதிகால் ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிறாள், டாக்டர் ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம்) எழுதிக் கொடுத்துவிட்டார், அதைப் போட்டால் இருக்கிற தெம்பும் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு இப்போது எட்டு வயது. நாலாவது ஜோடி ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கும் அதே பயம்தான் இருந்தது. பிசியோ சொன்ன பிறகுதான் புரிந்தது. இறுகிப்போன கெண்டைக்கால் தசை குதிகாலை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது. எலும்பு வளரும் வேகத்துக்கு அந்தத் தசை நீளாவிட்டால் பாதம் அப்படியே நிலைத்துவிடலாம். ஏ.எஃப்.ஓ. கணுக்காலை மடக்கிப் பிடித்து, குதிகாலைத் தரையில் பட வைக்கிறது. தெம்புக்குப் பயிற்சிதான்; அதை விடக்கூடாது.

கணுக்காலில் கீல் வைத்ததும் உண்டு, வைக்காததும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை போடுகிறதே என்று கேட்டு வாங்காதீர்கள். முட்டியை மடக்கியபடியே நடக்கிற பிள்ளைக்குக் கீல் வைத்தது பெரும்பாலும் ஒத்துவராது.

முதல் ஜோடி எங்கள் வீட்டில் மூன்று வாரம் பரண் மேல்தான் கிடந்தது. போட்டாலே அழுகை. தப்பு எங்களுடையது: மேல் பட்டையை முதலில் இறுக்கினோம், குதிகால் உள்ளே உட்காரவே இல்லை. உட்கார வைத்து, முட்டியை மடக்கி, குதிகாலைப் பின்னால் தள்ளி அழுத்தி, கணுக்கால் பட்டையை முதலில் போடுங்கள். செய்து கொடுத்தவர் அப்புறம் குதிகால் பக்கம் சின்னதாக ஓர் ஓட்டை போட்டுத் தந்தார். அதில் சாக்ஸ் ஒட்டித் தெரிந்தால் கால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், மெல்லக் கூட்டுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் செய்த இடத்துக்கே எடுத்துப் போங்கள். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி நெகிழ்த்தித் தருவார்கள். சாக்ஸ் முட்டி வரை, மடிப்பில்லாமல். ஷூ ஒரு சைஸ் பெரிதாக, உள் அட்டையை எடுத்துவிட்டு.

கால் வளர வளர மாற்ற வேண்டியிருக்கும், செலவுதான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வருமானச் சான்றோடு மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தில் (NIEPMD) விசாரிக்கலாம்.

வெல்க்ரோவில் நூலும் முடியும் அடைத்தால் பிடிக்காது. பழைய டூத் பிரஷ் ஒன்றை ஷூ ஸ்டாண்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.