பொங்கலும் தில்லானாவும்

கேள்வி: வருஷா வருஷம் மாட்டுப்பொங்கல் மத்தியானம் எங்க வீட்ல 'தில்லானா மோகனாம்பாள்' தான் ஓடும், பசங்க "மறுபடியுமா"ன்னு ஓடுறாங்க. அப்படி என்னதான் இருக்கு அதுல?
- வாசகி, மாயவரம்

பதில்: கதைக்காகவா பாக்குறோம், அதான் 1968-லேர்ந்து எல்லாருக்கும் மனப்பாடமாச்சே! சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் நிஜமா நாயனத்துல வாசிச்சத சிவாஜி கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க வாசிக்கிற மாதிரியே காட்டுவாரு பாருங்க, நாயனம் கேட்டே வளந்த நம்ம ஊர்க்காரங்களே அசந்து போவாங்க, அதுவும் ஹீரோவுக்கு ஊரு சிக்கல், ஹீரோயினுக்கு திருவாரூர்னா கேக்கணுமா, பக்கத்து ஊரு சம்பந்தம் மாதிரி ஆயிடுது. ஒவ்வொரு வயசுல ஒரு ஆள் புடிக்கும், சின்னதுல நாகேஷோட வைத்தி, அப்புறம் மனோரமாவோட ஜில்ஜில் ரமாமணி, இப்ப எனக்கு தவில்காரர் பாலையா தான் (ரயில் சீனுக்கு மட்டும் தனியா டிக்கெட் வாங்கலாம்). டயலாக்க முந்திக்கிட்டு சொல்ற சித்தப்பா இல்லேன்னா பாதி ருசி போச்சு. பசங்கள கட்டி உக்கார வைக்காதீங்க, கரும்ப கடிச்சிக்கிட்டு நடுவுல வந்து போகட்டும், 'நலந்தானா' வர்றப்ப டிவி சவுண்ட மட்டும் கொஞ்சம் ஏத்தி வைங்க.