மழை இருட்டினால் நெஞ்சு பதறுகிறது

கேள்வி: பெரியகல்லாற்றில் இருக்கிறேன். வயது 37. கணவர் கட்டாரில், இரண்டு பிள்ளைகள். சுனாமியில் அம்மம்மாவையும் தம்பியையும் பறிகொடுத்தபோது எனக்கு 16. ஐப்பசி பிறந்தாலே தூக்கம் கெட்டுவிடும். 2025 நவம்பர் புயலுக்குப் பிறகு மழை இருட்டினாலே நெஞ்சு படபடக்கிறது, கைவிரல் விறைக்கிறது, செத்துப்போவேன் போல இருக்கிறது. இரவில் மூன்று நான்கு தடவை எழும்பிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன். இப்போது மகனும் மழை என்றால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான். இது பைத்தியத்தின் தொடக்கமா? மருந்து எடுக்க வேண்டுமா?

பதில்: பைத்தியம் இல்லை, தங்கச்சி. கிளினிக்கில் இதைப் பதகளிப்பு என்று எழுதுவோம். அது பொங்கி உச்சிக்கு ஏறும் அந்தப் பத்து நிமிடம்தான் பீதித் தாக்கு. ஊரில் 'பயந்துபோனாள்' என்று தண்ணீர் ஓதிக் கொடுத்து நூல் கட்டுவார்கள். கட்டியிருந்தால் அவிழ்க்க வேண்டாம். வைத்தியர் நூலைப் பழித்து யாருக்கும் தூக்கம் வந்ததில்லை.

நெஞ்சடிப்பு என்பதால் ஒருமுறை ஈசிஜி, தைரொயிட், இரத்தச்சோகைப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். சுகம் என்று வந்தால் மாதாமாதம் திரும்ப எடுக்காதீர்கள். காரணம் பிறகு.

விரல் விறைப்பதற்குக் காரணம் மூச்சு. பயத்தில் உங்களை அறியாமலே வேகமாக மூச்சு வாங்குகிறீர்கள். உடம்பில் இருக்க வேண்டிய காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் விரலும் உதட்டைச் சுற்றியும் விறைக்கும், தலை சுற்றும். அதைக் கண்டு இன்னும் பயந்து இன்னும் வேகமாக இழுப்பீர்கள். 'நல்லா ஆழமா மூச்சு எடு' என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வது அந்த நேரத்தில் பிழையாகிப் போவது இதனால்தான். விடும் மூச்சை நீட்டுங்கள்: நாலு எண்ணி மூக்கால் எடுத்து, ஆறேழு எண்ணி மெதுவாக விடுங்கள். எண்ண ஓடாவிட்டால் தேவாரமோ கண்ணகியம்மன் குளிர்த்திப் பாட்டோ இழுத்துப் பாடுங்கள். ஓர் அடியைப் பாடி முடிப்பதற்குள் மூச்சு தானாக நீண்டுவிடும்.

இனி அந்தக் கடல் பார்க்கும் விஷயம். உங்கள் கடிதத்தில் நான் நின்று வாசித்த இடம் அதுதான். எழும்பிப் போகிறீர்கள், கடல் கிடந்த இடத்தில் கிடக்கிறது, நெஞ்சு ஆறுகிறது. வினையே அந்த ஆறுதல்தான். 'பார்த்தபடியால் தப்பினோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது; மறுமுறை பார்க்காமல் படுக்க விடாது. இப்படித்தான் ஒரு தடவை நாலு தடவையாகிறது. புயல், சுனாமி என்று வட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், சுகம் என்று வந்த ஈசிஜியை மறுபடி எடுப்பதும் இதே கணக்குத்தான்.

பயப்படாதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் ஊரில் பயம் பொய்யில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பீர்கள். ஆனால் ஆபத்துகளைப் பிரித்துப் பாருங்கள். சுனாமி மழையோடு வருவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ 2 மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இப்போது இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை வந்து கரையோரச் சனம் உள்ளுக்கு ஓடியது ஞாபகம் இருக்கும். நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ யாரையும் கேளாமல் ஓட வேண்டும், அது வேறு. புயல் என்றால் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு இருட்டில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் முந்தித் தெரியாது.

ஆகவே காவலைப் பகலுக்கு மாற்றுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், டோர்ச் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு ஐப்பசியில் ஒருமுறை முடிச்சுப் போடுங்கள். சரிதானா என்று திரும்ப அவிழ்க்கக் கூடாது. என்ன அறிவிப்பு வந்தால் வெளிக்கிடுவது, யார் வீட்டுக்குப் போவது என்று கணவரோடு பேசி, எழுதிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பைக் காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கடலுக்குப் போவதை ஒரேயடியாக நிறுத்த ஏலாது. போக வேண்டும் போல் வந்தால் பதினைந்து நிமிடம் பிந்திப் போங்கள், பிறகு அரை மணித்தியாலம். அந்தப் பதினைந்து நிமிடம் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் கடலைப் பார்க்காமலும் நெஞ்சு இறங்கும் என்று உடம்பு கண்டுகொள்வது அதற்குள்தான். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்ரீ வேண்டாம்.

மகனுக்கும் அதே கணக்கு. மழைக்குப் பயந்து ஒருநாள் வீட்டில் நின்றால் மறுநாள் கால் இன்னும் பாரமாகும். விடுமுறை விடாத நாளென்றால் போகத்தான் வேண்டும். நடுங்கும் கையால் அவனைப் பிடித்துக்கொண்டு 'ஒண்டுமில்ல மனே' என்றால் அவன் கையைத்தான் நம்புவான். 'அம்மாக்கும் பயம்தான் மனே. இப்ப வெறும் மழை. வெளிக்கிட வேணுமெண்டா அம்மா சொல்லுவன்' என்று சொல்லிப் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிப்போய் விடுங்கள்.

மருந்து எல்லாருக்கும் வேண்டியதில்லை. ஒரு மாதம் இப்படிச் செய்தும் தூக்கமும் சமையலும் பிள்ளைகளைப் பார்ப்பதும் குழம்பியே கிடந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு வாருங்கள், காசு இல்லை. பதகளிப்புக்குத் தரும் குளிசைகள் பெரும்பாலும் வேலைசெய்யத் தொடங்க 2 முதல் 4 கிழமை எடுக்கும். மூன்றாம் நாள் 'சரிவரயில்ல' என்று எறிந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்கக் குளிசை மட்டும் வேண்டவே வேண்டாம், பழகிவிடும். உயிரை விடும் நினைப்பு வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள், இரவென்றாலும் பரவாயில்லை.

இன்னொன்று. டிசம்பர் 26 காலையில் வீட்டில் தனியாக இருக்காதீர்கள். ஊரவர் விளக்கேற்றும் இடத்துக்கு மகனையும் கூட்டிப் போங்கள். உங்கள் தம்பியைப் பற்றி அவனிடம் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? மாமா என்ன விளையாட்டு விளையாடுவான், உங்களோடு எதற்கெல்லாம் சண்டை பிடிப்பான் என்று வழியில் சொல்லிக்கொண்டு போங்கள்.